ரெட்டியார்சத்திரம் புளியமரத்தடிக்கு ஒரு வியாழக்கிழமைப் பயணம்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி வியாழக்கிழமை காலையில் திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். ஊர் பார்க்க அல்ல. நான் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். தொழுநோயாளிகளுக்கென்றே ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. பிறகு பிரசவ வார்டு வந்தது, பணம் கட்டும் குடும்பங்கள் வந்தன. அவர்கள் முகம் சுளித்ததும் நோயாளிகளைப் பின்வாசலுக்கு அனுப்பினார்கள். வாரம் ஒருமுறை சாலையோரப் புளியமரத்தடியில் மாத்திரை கொடுப்பதுதான் மிச்சம். அதையும் நிறுத்த ஆஸ்பத்திரிக் கமிட்டி முடிவு செய்துவிட்டது. இனிமேல் திண்டுக்கல்லுக்கே வரவேண்டும் என்று நோயாளிகளிடம் சொல்லிவிட்டு வர என்னை அனுப்பினார்கள்.

எட்டு மைல் இருக்கும். கட்டணம் அரை ரூபாய்கூட இல்லை. ஜீப்பைக் கமிட்டிக்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"பெட்டியில என்ன டீச்சர்?" என்றார் என் வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்டு அம்மாள்.

"புஸ்தகம்" என்றேன். உண்மையைச் சொன்னால் இறக்கிவிடுவார்களோ என்று அவ்வளவு பயம்.

மரத்தடியில் எல்லோரும் காத்திருந்தார்கள். மாத்திரை கொடுத்து முடித்துவிட்டு, தலைநிமிராமல் விஷயத்தைச் சொன்னேன். கன்னிவாடியிலிருந்து நடந்தே வரும் கருப்பாயிதான் முதலில் எழுந்தாள். "அப்ப இன்னிக்கே உங்ககூட வந்து வழி பாத்துக்கிறேன்மா."

பஸ் வந்தது. நான் ஏறினேன். கருப்பாயி கம்பியைப் பிடித்ததும் கண்டக்டர் அவள் விரல்களைப் பார்த்துவிட்டார்.

"ஏய், இறங்கு! உன்னைய ஏத்துனா மத்தவுக இறங்கிருவாக. நீங்க உள்ள போங்கம்மா, நேரமாகுது."

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எப்படி இறங்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் போய்விட்டது.

கருப்பாயி கோபப்படவில்லை. "நீங்க வந்தாத்தான் எங்களுக்கு மருந்து. வாரமாட்டீகளா?"

"வாரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. வாக்குக் கொடுக்க நான் யார்?

அடுத்த பஸ்ஸில் திரும்பி, நேரே எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"கமிட்டியக் கேக்காம வாக்குக் குடுத்துட்டியா?"

"ஆமாம்மா. வேலை போயிருமோன்னு பயமா இருக்கு."

அவர் ஜன்னல் வழியே பின்வாசலைப் பார்த்தார். "எனக்கும் பயந்தான். அன்னிக்குக் கமிட்டியில அதனாலதான் வாயத் திறக்கல" என்றவர், என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "வியாழக்கிழமை பஸ் எத்தன மணிக்கு?"

நீங்கள் அந்தப் பக்கம் போவதானால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், பங்குனி வெயில் தாங்காது. இப்போது பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஏறியதும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பாருங்கள், யாரையாவது கீழேயே விட்டுவிட்டார்களா என்று. எனக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை; போகவும் வேண்டாம்.