அப்பா நுழைந்த கடலோர வீட்டுச் சுரங்கம்

எங்கள் அப்பா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

அப்பா குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மழை இல்லாத ஓர் ஆண்டில் கூலிக்குக் கிணறு வெட்ட இறங்கியவர், முதுமை வரை அதே வேலையைச் செய்தார். கையெழுத்துப் போடத் தெரியாது. குழுவில் கடைசி ஆள் மேலேறும் வரை தாம் ஏற மாட்டார். அண்ணன் சிறு வயதிலேயே அவரோடு வேலைக்குப் போனார். நான் படித்தேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, இராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் ஒரு பழைய வணிகர் வீட்டுக் கிணற்றைத் தூர்வார அப்பாவை அழைத்தார்கள். விடுமுறை என்பதால் நானும் போனேன். பாதிச் சேற்றை எடுத்ததும், கிணற்றுச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வளைவு தெரிந்தது. உடனே ஊரே கூடிக் கதை சொன்னது. கொள்ளைக்காரர்கள் வந்தபோது வீட்டுப் பெண்கள் முத்துமூட்டையோடு அதற்குள் ஒளிந்தார்களாம். ஒருத்தி திரும்பவே இல்லையாம். உள்ளே விட்ட ஆடு கடற்கரையில் வெளியே வந்ததாம்.

அப்பாவும் அண்ணனும் டார்ச் எடுத்துக்கொண்டு நுழையத் தயாரானார்கள். நானும் வருகிறேன் என்றேன்.

“நீ மேலயே இரு அப்பு. சட்டை அழுக்காயிரும்” என்றார் அப்பா. குழுவே சிரித்தது.

வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு ஏறினார்கள். முத்து எடுத்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். உள்ளே பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் கேட்டபடி அப்பா வளைவைக் கல் வைத்து அடைத்தும் கொடுத்தார். ஆனால் திண்டுக்கல் பஸ்ஸில் அப்பாவும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். “படிக்கிறவனுக்கு அது எதுக்குலே?” என்றார் அப்பா.

அதன் பிறகு டிவியில் கடல் தெரிந்தாலே இருவருக்கும் சிரிப்பு வரும். என் பட்டச் சான்றிதழை அப்பா இரு கைகளாலும் மரியாதையாக வாங்கிப் பார்த்தார். ஆனால் என்னோடு அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை.

கல்தூசி அவர் நுரையீரலைக் கெடுத்தது. மருத்துவமனையில் பேச்சு நின்ற பிறகும், அண்ணன் குனிந்து காதில் ஏதோ சொல்ல, அப்பா இருமல் வரும் வரை சிரித்தார். நான் மருந்துச் சீட்டோடு நின்றிருந்தேன். அண்ணன் மீது அன்று வந்த பொறாமையை மறைத்து இதை எழுத என்னால் முடியவில்லை.

இந்த மலருக்காக, சுரங்கத்தில் என்ன பார்த்தீர்கள் என்று அண்ணனிடம் கேட்டேன்.

“உனக்குப் படிப்பக் குடுத்தாரு. எனக்கு இது ஒண்ணுதாம்லே குடுத்தாரு. இதையும் எழுதி எல்லாருக்கும் குடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கும்?”

எழுத மாட்டேன், எனக்கு மட்டுமாவது சொல்லுங்கள் என்றேன். என் கையைப் பார்த்தார்.

“பேனா மூடியக் கழட்டிட்ட. எழுதிருவ.”

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் தவறில்லை.

அப்பாவைக் கவனித்த செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த கிணற்றுக் குழுவினருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய ஆத்தூர் அத்தை குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. கடைசி வரை அப்பாவின் கால்மாட்டில் படுத்திருந்த அண்ணனுக்கு என் நன்றி.

இன்று வந்திருக்கும் நீங்கள் யாரும் அண்ணனிடம் அந்தச் சுரங்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். எனக்குச் சொல்லாததை உங்களில் ஒருவருக்குச் சொல்லிவிட்டால், என்னால் தாங்க முடியாது.