ராஜாக்கண்ணு நடக்காத கதை

புதூர்நாட்டு ராஜாக்கண்ணுவுக்கு வலது கால் இடது காலைவிடப் பருத்திருக்கும். ஏன் என்று யாராவது கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். அது 1962-இல் நடந்த சங்கதி.

அந்தச் சிற்றூரில் அவர் சொன்னதுதான் பஞ்சாயத்து. பலாப்பழம் திருடியவனைப் பிடித்து, அதே பழத்தைத் தலையில் ஏற்றி ஊரைச் சுற்றவிட்ட மனுஷர். அப்படிப்பட்டவர், ஊரே சாமை விதைக்கப் போயிருந்த ஒரு பகலில் குப்பம்மாளின் பலா மரத்தில் ஏறினார். கேட்டிருந்தால் அந்த விதவை வெட்டிச் சுளையாகவே கொடுத்திருப்பாள். பஞ்சாயத்துக்காரன் போய்க் கையேந்துவதா என்ற வீறாப்பு. கிளை முறிந்தது. பழமும் அவரும் சேர்ந்தே விழுந்தார்கள்.

வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்துபோயிற்று. தவழ்ந்து வீடு சேர்ந்தவர், பாறையில் வழுக்கிவிட்டதாக மனைவி வடிவிடம் சொன்னார். ஆனால் பிளந்த பழத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய துண்டு கிடந்தது. யாரோ அதைக் கொண்டுவந்து, வாயே திறக்காமல், அவர் வீட்டு வேலிமேல் போட்டுவிட்டுப் போனார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால்கூடத் தேவலை. குப்பம்மாள் ஒரு படி மேலே போய்க் கஞ்சி கொடுத்தனுப்பினாள். அது அவர் தொண்டையைத் தாண்டவில்லை.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய முனிசாமி வைத்தியர், நாள் பார்த்துக் கட்டைப் பிரித்தார். "எலும்பு கூடிக்கிச்சு. கோலை ஊனிக்கினு நடங்க" என்றார். ராஜாக்கண்ணு வலிக்கிறது என்றார். வலியாவது மண்ணாவது! வாசலைத் தாண்டினால் தெரு, தெருவில் ஜனம். எந்த மூஞ்சியோடு போவது? கட்டு இருந்தபோது கிடந்தது போதாதென்று, பிரித்த பிறகும் அசையாமல் கிடந்தார். ஒதுங்கப் போவதற்கும் தெருவைத்தான் கடக்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். பீடியை மட்டும் குறைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் அந்தக் காலின் ஆடுசதை வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. வடிவு பாவம், எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். வீக்கம் தொடைக்கு ஏறியது. பயந்துபோய் டோலி கட்டி, அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். ஊர் எல்லை தாண்டும்வரை அவர் போர்வையை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். "உள்ளே பெரிய ரத்தக் குழாயில ரத்தம் உறைஞ்சிருக்கு. இனிமே யாரும் தேய்க்கக் கூடாது. அந்தக் கட்டி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து."

அப்புறம் கேள்விமேல் கேள்வி. குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்ததா? எத்தனை நாளாகப் படுக்கை? எவ்வளவு தண்ணீர் குடித்தார்?

"எலும்பு ஒடிஞ்சாலே இந்த பயம் இருக்கு. கால் அசைஞ்சாத்தான் ரத்தம் மேல ஏறும். அசையாம, தண்ணியும் குடிக்காம கிடந்தா உறையாம இன்னா பண்ணும்?" என்றவர் வடிவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கட்டுப் பிரிச்சப்புறமாவது எழுப்பி நடக்க வெச்சியா? தண்ணி குடுத்தியா? இப்படியா ஒரு ஆளைப் பார்த்துக்குவே?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். "என் தப்புதாங்க."

ராஜாக்கண்ணுவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மரத்திலிருந்து விழுந்தபோதுகூட இவ்வளவு கூசவில்லை.

"அவ மேல தப்பு இல்லீங்க. நான் பலாப்பழம் திருடப்போய் விழுந்தேங்க. ஜனங்க மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுக்கினு படுத்துட்டேன். தண்ணி அவ குடுத்தா, நான்தான் குடிக்கல."

டாக்டர் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, காலுக்கடியில் தலையணை வைக்கச் சொன்னார். உறைந்த கட்டி கரையும்வரை இனி அசையவே கூடாது என்று கண்டித்துவிட்டு ஊசி மருந்துக்குப் போனார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் ராஜாக்கண்ணு, சின்னக் குரலில்.

"அன்னிக்கே தெரியும்" என்றாள் வடிவு. "நீ வெக்கப்பட்டுக்கினு வூட்டுக்குள்ள படுத்துக்கினே. தண்ணிக்கும் வெறகுக்கும் தெனம் அந்தத் தெருவுல போய்ட்டு வந்தது நானு. நான் எங்கய்யா போய்ப் படுக்கறது?"

அவர் புரண்டு படுத்துக்கொள்ளத்தான் பார்த்தார். அசையக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவள் முகத்தைப் பார்த்தபடியே கிடக்க வேண்டியதாயிற்று.