கான்டெஸா யார் பேரில்

என்னிடம் கார் கற்றுக்கொள்ள வரும் பெண்களில் பாதிப் பேர் முதல் நாள் கணவரோடுதான் வருகிறார்கள். அவர் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு "கிளட்ச்ச விடு, கிளட்ச்ச விடு" என்று கத்துவார். அடுத்த முனையிலேயே வண்டியை ஓரங்கட்டி அவரை இறக்கிவிட்டுவிடுவேன். இதனால் திருப்பதியில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. பதினெட்டு வருடமாகப் பெண்களுக்கு மட்டும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கோபக்காரி என்று தெரிந்தும் வருகிறார்கள்.

இத்தனை கோபத்தை வைத்துக்கொண்டும் என் சொந்த விஷயத்தில் ஏமாறப் பார்த்தேன். இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது பள்ளிக்கூட மதில்மேலிருந்து குதித்துக் கையை ஒடித்துக்கொண்டேன். நகரியிலிருந்து நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) என்னை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு புத்தூருக்குக் கட்டுப் போடக் கூட்டிப்போனார். வெளியே வரிசையில் நின்றிருந்தோம். அப்போது ஒரு கான்டெஸா கார் வந்தது. வெள்ளை நிறம். நீளமான முன்பக்கம், இரண்டு பக்கமும் இரட்டை விளக்கு. அந்த இன்ஜின் சத்தம், குரலை உயர்த்தாமலே அதட்டுகிற ஆளைப் போல இருந்தது. கால் ஒடிந்த யாரோ பெரிய மனிதரை அதிலிருந்து நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் டிரைவரைப் பார்த்தேன். அவ்வளவு நீள வண்டியை அந்தச் சந்தில் ஒரே மூச்சில் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போனார்.

"நைனா, நான் அந்த வண்டிய ஓட்டணும்" என்றேன்.

"மொதல்ல கை கூடட்டும்டி" என்றார் நைனா. சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு நான் கார் ஓட்டக் கற்றதும், லைசென்ஸ் எடுத்ததும், பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி ஸ்கூல் ஆரம்பித்ததும் வேறு கதை. கான்டெஸா ஆசை மட்டும் போகவே இல்லை. கல்யாணமான முதல் மாதத்திலேயே கணவரிடம் சொன்னேன். அவர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறார். சாது. சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றார். "நீ ஓட்டு, நான் பக்கத்துல குந்திக்கினு வரேன்" என்பார். அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால், சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் தெருக்கோடியில் மாங்காய் மண்டி வைத்திருந்த ஒரு பெரியவர் வீட்டு ஷெட்டில் கான்டெஸா நிற்கிறதாம். மறுநாளே போய்ப் பார்த்தேன். அதே வெள்ளை. பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். ஓட்டுவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் பேப்பர்களையெல்லாம் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஆள் வைத்துத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, சந்தனம் குங்குமம் வைத்து, கேட் வரைக்கும் கொண்டுவந்து திரும்ப உள்ளே விடுவார். அவ்வளவுதான் அதற்கு ஓட்டம். எனக்கு வயிறு எரிந்தது.

"கொடுக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"அம்மேதி லேதம்மா" என்றார். விற்கிற பேச்சே இல்லை என்று அர்த்தம். அப்புறம் தமிழில், "பொம்பளைக்கு இன்னாத்துக்கும்மா இந்த வண்டி? ஸ்டேரிங் எவ்ளோ கனம் தெரியுமா?" என்றார்.

வருடத்துக்கு ஒரு தடவை போய்க் கேட்டேன். நான்கு வருடம். நான்காவது தடவை "உங்க வூட்டுக்காரர் நம்பர் குடுத்துட்டுப் போ" என்றார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வண்டி கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் கொடுத்துவிட்டேன். இந்த விஷயத்தில் என்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

அடுத்த மாங்காய் சீசனில் அவர் என் கணவருக்குப் போன் செய்தார். மகன் ஷெட்டை இடித்து வாடகைக்கு வீடு கட்டப்போகிறானாம். வண்டிக்கு இடமில்லை. பழைய இரும்புக்காரன் கேட்கிறான், அவனுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. இதையெல்லாம் கணவர் வந்து என்னிடம் சொன்னபோது சமையலறையில் நின்றபடி அழுதேன். சேர்த்து வைத்திருந்த பணம் என் பேங்க் கணக்கில் இருந்தது. போதும் என்று தெரியும்.

இரண்டு பேரும் பஸ்ஸில் சித்தூருக்குப் போனோம். திரும்பும்போது காரில் வரப்போகிறோம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் சரி சரி என்று ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். என் பேச்சைக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

பெரியவர் என் கணவருக்கு நாற்காலி போட்டார். எனக்குப் பெரியவரின் மனைவி உள்ளிருந்து மோர் கொண்டுவந்து, "உள்ள வந்து குந்தும்மா" என்றார். நான் போகவில்லை. பெரியவர் கார்புரேட்டரைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் என் கணவரிடம் விளக்கினார். அவரும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினார். நான் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன்.

"கை அழுக்காயிடும்மா" என்றார் பெரியவர்.

ரேடியேட்டர் ஓஸ் குழாய் ஒன்றில் வெடிப்பு விழுந்திருந்ததைக் காட்டினேன். அவர் என் கணவரைப் பார்த்து, "அது சும்மா, மாத்திக்கலாம் தம்பி" என்றார். காட்டியது நான். பதில் அவருக்கு.

ஓட்டிப் பார்க்கச் சாவியை என் கணவரிடம்தான் நீட்டினார். "எனுக்கு ஓட்ட வராதுங்க" என்றார் இவர்.

"அதுக்கின்னா, டிரைவர் வெச்சிக்கினா ஆச்சி."

நான் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்று பிற்பாடு பெரியவர் சொன்னாராம். சொல்லட்டும். தெருவில் ஒரு சுற்று போய் வந்தேன். ஸ்டேரிங் கனம்தான். என் கைக்குச் சரியாக இருந்தது. சிரித்துக்கொண்டே இறங்கி, சாவியைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அங்கிருந்து மூன்று பேரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்தில் ஒரு நெட் சென்டருக்குப் போனோம். பேர் மாற்றுகிற வேலையெல்லாம் அங்கேதான் நடக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு நடுத்தர வயது அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெரியவர் கைரேகை வைத்தார். நான் என் ஆதார் கார்டைப் பையிலிருந்து எடுப்பதற்குள் அந்த அம்மாள் என் கணவரைப் பார்த்து, "சார், நீங்க வாங்க, வேலு பெட்டண்டி" என்று தெலுங்கில் விரலை வைக்கச் சொல்லி மெஷினை நகர்த்தினார்.

"அவர் எதுக்கு? வாங்கறது நான்" என்றேன்.

அந்த அம்மாள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வாங்குபவர் என்ற இடத்தில் என் கணவர் பெயர் இருந்தது. அப்பா பெயர், விலாசம், ஆதார் எண், எல்லாம் தயாராக.

"இது யாரு குடுத்தது?"

"ரெண்டு நாள் முன்னாடியே பெரியவர் கொண்டாந்து குடுத்தாரும்மா."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக ஒரே வீட்டில் இருந்தோம். வரும் வழியில் பஸ் பாகாலா தாண்டும்போது நான் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டு வந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

"அவர் கேட்டாரு, வாட்ஸப்புல அனுப்பிச்சேன்" என்றார். "யாரு பேர்ல இருந்தா இன்னா? ஓட்டப்போறது நீதானே?"

"யாரு பேர்ல இருந்தாலும் ஒண்ணுதான்னா என் பேர்ல போடறதுக்கு இன்னா?"

பெரியவர் எழுந்துவிட்டார். "இந்தாம்மா, நான் ஆம்பளைக்குத்தான் விக்கிறதா பேசனேன். என் வண்டி ஒரு பொம்பளை பேர்ல ஓடிக்கினு இருந்தா மண்டிக்காரங்க என்னை இன்னா கேப்பாங்க? வாங்க ஆளே கெடைக்கலியான்னு கேக்க மாட்டாங்களா?"

"நாலு வருசமா உங்க வாசல்ல வந்து நின்னது யாரு ஐயா? இவரா?"

"வீட்டுக்காரர் பேரு, உன் பேரு, ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"இல்ல" என்று கத்தினேன். சென்டரில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "ஒண்ணு இல்ல. ஒண்ணா இருந்தா நீங்க மறைச்சிருக்க மாட்டீங்க. பணம் என் கணக்குல இருக்குது. என் பேர்ல ஏறினாத்தான் அது வரும். இல்லன்னா வண்டிய இரும்புக்காரனுக்கே குடுத்துக்கோங்க."

சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் நின்றேன். அவர் இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டால்? அந்த வெள்ளை வண்டியை வெட்டுவதை நினைத்துப் பார்த்தேன். உள்ளே போய், சரி, யார் பேரிலாவது போடுங்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அப்படி என்னைத் தோன்ற வைத்ததற்காகத்தான் அவர்கள் இரண்டு பேர்மேலும் எனக்கு அதிகக் கோபம்.

உள்ளே அந்த அம்மாளின் குரல் கேட்டது. "பெரியவரே, விக்கிறீங்களா, இல்லையா? வெளிய இன்னும் பத்துப் பேர் நிக்கிறாங்க. அந்தம்மா பேர்ல போடறதுன்னா கேன்சல் பண்ணிட்டுப் புதுசா போடணும். சீக்கிரம் சொல்லுங்க."

நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம், "போடும்மா" என்றார் பெரியவர்.

நான் விரல் வைத்தேன். பணத்தை அனுப்பினேன். பெரியவர் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அவர் சாவியை என் கையில் தரவில்லை. என் கணவர் கையில் வைத்தார். இவர் அதை என்னிடம் நீட்டினார்.

"நீங்க குடுத்து நான் வாங்க மாட்டேன். அந்தத் திண்ணைமேல வைங்க" என்றேன். வைத்தார். எடுத்துக்கொண்டேன்.

இவர் காரில் பக்கத்துச் சீட்டின் கதவைத் திறக்கப் போனார்.

"நீங்க பஸ்ல வாங்க."

"ஏம்மே, எல்லார் முன்னாடியும்..."

"பஸ்ல வாங்க."

என் கான்டெஸாவை எப்படி ஓட்ட வேண்டும் என்று பதினோரு வயதிலிருந்து கனவு கண்டிருக்கிறேன். ஆனால் அந்த எழுபது கிலோமீட்டர் ஓட்டியது ஒன்றும் நினைவில் இல்லை. வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். பெரியவரிடம் சொல்லாமல் விட்டதை, கணவரிடம் சொல்ல வேண்டியதை, ஒவ்வொன்றாக. அந்த இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. பாகாலா அருகே டீக்கு நிறுத்தியபோது ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டார். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். முதல் ஓட்டம் இனி ஒரு தடவை வராது. அதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் மன்னிக்காதது இதைத்தான்.

ஓஸ் ஒழுகியதால் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி மெதுவாக வந்ததில், பஸ் எனக்கு முன்னால் வந்துவிட்டது. அவர் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வந்ததும், "தப்புதான்" என்றார்.

"ஏன் செஞ்சீங்க?"

"லாட்ஜுல ரூம் எடுக்க வர்றவங்கள்ல பாதிப் பேர் என்னை ரூம் பாய்னு நெனச்சி பெட்டியத் தூக்கச் சொல்றாங்க. இப்பிடி ஒரு வண்டி என் பேர்ல இருந்தா... எனுக்கும் ஒரு ஆசை."

அதைக் கேட்டதும் கோபம் தணிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். இன்னும் ஏறியது. ஆசை இருந்தால் என்னிடம் கேட்டிருக்கலாம். வேறு ஒரு வண்டிக்குச் சேர்த்துப் பணம் போட்டிருப்பேன். ஓட்டக் கற்றுக்கொடுத்திருப்பேன். என்னுடைய ஒரே ஆசையைத்தான் எடுக்க வேண்டுமா? இதைச் சொன்னேன். அவர் அழுதார். நான் ஓஸ் மாற்ற ரேணிகுண்டா மெக்கானிக்குக்குப் போன் செய்யப் போய்விட்டேன்.

ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசினோம். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நகரிக்கும் புத்தூருக்கும் போய் வந்திருக்கிறேன். வண்டி நன்றாக ஓடுகிறது.

போன மாதம் சித்தூர் பெரியவர் என் கணவருக்குப் போன் செய்தார். "வண்டி எப்பிடி இருக்குது தம்பி? டிரைவர் நல்லா ஓட்றானா?" என்று அவர் கேட்டது பக்கத்தில் இருந்த என் காதில் விழுந்தது. இவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "இருங்க, ஓனர் கிட்ட குடுக்கறேன்" என்று போனை நீட்டினார். முகத்தில் பெருமை. பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி.

வாங்கிக் காதில் வைத்தேன். நான் "அலோ" என்றதும் பெரியவர் லைனைத் துண்டித்துவிட்டார்.

திரும்ப நானே போட்டேன். எடுக்கவில்லை. மூன்று தடவை போட்டேன். சாப்பிடக் கூப்பிட்டார் இவர். "நீங்க துன்னுங்க" என்று சொல்லிவிட்டு நான்காவது தடவையும் போட்டேன்.