புண் வரவைக்கும் மருந்து

போன செவ்வாய்க்கிழமை தானா ராத்தா மலையூரில் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் வசந்தி. கோலாலம்பூரில் ஆராய்ச்சி மாணவி. இந்த மலையில் வாழும் செமாய் பழங்குடிகளின் வைத்திய முறைகளைப் பற்றிப் படிக்கிறாள். டேப் ரெக்கார்டரை மேசையில் வைத்துவிட்டு, "அவங்ககிட்ட வாங்கி நீங்க பயன்படுத்தின மருந்து ஏதாவது இருந்தா சொல்லுங்கம்மா" என்றாள்.

ஒன்று இருந்தது. சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "இது வியாதியைப் போக்குற மருந்து இல்லையேம்மா... வரவைக்கிறதாச்சே. ஆராய்ச்சியில இதைச் சேர்க்க முடியாது. விட்டுடலாம்" என்றாள்.

விட்டுவிடுவதா? எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவள் விட்டால் விடட்டும், வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கம் என் கையில்தானே இருக்கிறது? கேளுங்கள்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். தேயிலைத் தோட்டத்தில் எனக்கும் மாணிக்கத்துக்கும் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். துரைமார் ஓடிவிட்டார்கள். தேயிலையை வாங்க ஆளில்லை. செடிகளுக்கு நடுவே மரவள்ளி நட்டு, அதைத் தின்று உயிர் பிழைத்தோம். ஒரு நாள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் கேக்குறான். வெள்ளிக்கிழமை லோரி வருது. மாணிக்கம், நீயும் போவணும்."

சயாமுக்குப் போன ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. ஒரு கடுதாசிகூட வரவில்லை.

"ஒடம்பு சரியில்லாதவங்களையும் ஏத்துவானா?" என்று கேட்டேன்.

"பெரிய புண்ணு இருந்தா விட்டுர்றான்லா. அவனுக்கும் ஒட்டிக்கும்னு பயம்."

அது போதாதா எனக்கு? நேராகப் பா அலாங்கைத் தேடிப் போனேன். அவர் செமாய் வைத்தியர். 'பா' என்பது அவர்கள் ஆண்களை மரியாதையாக அழைக்கும் முறை. பழைய துணியை வாங்கிக்கொண்டு எங்களுக்குக் காட்டுக்கிழங்கு கொடுப்பார். காட்டில் ஒரு மரம் உண்டு. அதன் பால் பட்டால் தோல் கொப்புளித்துப் புண்ணாகிவிடும். மரம் வெட்டுகிறவர்களே கிட்டப் போக மாட்டார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அந்தப் பாலைக் கேட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "நான் புண்ணை ஆற்றுகிறவன். உண்டாக்க மாட்டேன்" என்றார்.

அழுகையை அடக்கிக்கொண்டு திரும்பினேன். நாலடி போவதற்குள் கூப்பிட்டார். அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. மனசார ஆசைப்பட்டுக் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பினால், கேட்டவருக்கு ஏதாவது கெடுதல் வந்துவிடுமாம். அந்தப் பழி, இல்லையென்று சொன்னவரைத்தான் சேரும். புண்ணை உண்டாக்கினாலும் தப்பு, அனுப்பிவிட்டாலும் தப்பு. மனிதர் நன்றாக மாட்டிக்கொண்டார். மாட்டவைத்தவள் நான். அதற்காக நான் அன்றும் வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கப்படவில்லை.

பாலை எடுத்துவந்தவர் முதலில் தன் முன்கையில் தடவிக்கொண்டார். எவ்வளவு கடுமை என்று தெரியாமல் அடுத்தவர் உடம்பில் வைக்க மாட்டாராம். மறுநாள் தன் கையைப் பார்த்துவிட்டு, அதில் பாதியளவுதான் என் கணவரின் காலில் இட்டார். அதற்கே வீங்கி, கொப்புளித்து, நீர் வடிந்து...

"இதுக்கு சயாமே தேவல போலிருக்கு புள்ள" என்று பல்லைக் கடித்தார் மாணிக்கம்.

"வாய மூடுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் ஆண்களை நிறுத்தியிருந்தார்கள். ஜப்பான் அதிகாரி ஒருவன் குனிந்து மாணிக்கத்தின் காலைப் பார்த்தான். நிமிர்ந்து என்னவோ உறுமினான். கூட வந்த மொழிபெயர்ப்பாளர், "வேணும்னே பண்ணிக்கிட்டதுன்னு சொல்றாரு" என்றார். வேண்டுமென்றே செய்துகொண்டவனை அவர்கள் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் பா அலாங் வந்தார். முதுகில் கிழங்குக் கூடை. சிப்பாய் வருகிறான் என்றாலே காட்டுக்குள் மறைந்துவிடுகிறவர்கள் செமாய் மக்கள். இந்த மனிதரோ களத்துக்கு நடுவே நடந்துவந்து, மாணிக்கத்தின் பக்கத்தில் நின்று, தன் கையை நீட்டினார். அது முழு அளவு தடவிய கை... புண் இன்னும் பெரிது.

அதிகாரி இரண்டடி பின்னால் போனான். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே கத்தினான்.

"காட்டு வியாதியாம். ரெண்டு பேரையும் தூரமா போகச் சொல்றாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

லோரி மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர்களை நினைத்தால் இப்போதும் எல்லோர் காலிலும் தடவியிருக்கக் கூடாதா என்று தோன்றும்.

நோய் என்றால் உடம்புக்குள்ளே வருவது மட்டும்தானா? எங்கள் மலையை அந்த வருடங்களில் பிடித்த பெரிய நோய் பூட்ஸ் போட்டுக்கொண்டு லோரியில் வந்தது. பா அலாங் அதற்குத்தான் வைத்தியம் பார்த்தார். இதை மருந்து என்று எழுதாத ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். வசந்தியிடம் இப்படியேதான் சொன்னேன்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. கோபித்துக்கொள்ளவில்லை. "சரிம்மா, சேர்த்துக்கறேன். ஆனா, இந்த மருந்தால என்ன பலன்னு எழுதறது?" என்று கேட்டாள்.

"எனக்கு மூணு பிள்ளைங்க. மூணும் ஜப்பான்காரன் போனதுக்கப்புறம் பொறந்ததுங்க. எழுதிக்க."