கறுத்த நகத்துக்குச் சிவப்புப் பூச்சு

காலைக் காட்டச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். செருப்புக் கடையில் அளவு பார்க்கக் குனிகிறவனிடம்கூட, "தாங்க, நானே போட்டுப் பாக்கிறன்" என்று பிடுங்கிவிடுவேன்.

தேற்றாத்தீவில் எங்கள் வீட்டைச் சுனாமி கொண்டுபோன பிறகு, நிவாரணமாக எனக்கு ஒரு சோடி சப்பாத்துக் கிடைத்தது. நான் கேட்டது பாய். எந்தக் குளிர் நாட்டுக்காரியோ கழற்றி அனுப்பிய தடித்த தோல் சப்பாத்து அது. கணுக்கால்வரை கயிறு கட்ட வேண்டும். அளவும் சிறிது. கடற்கரை மணலில் அதைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போவது? ஆனாலும் எறியவில்லை. எல்லாம் போனவளுக்கு எதையும் எறிய மனம் வராது.

கணவர் கட்டாரில் இருந்தார். நான் கைக்குழந்தையோடு கிரானுக்கு மேற்கே, அவருடைய தங்கையின் வயற்காணிக்குப் போனேன். அவள் எனக்கு மச்சாள். கொஞ்சக் காலம் நிம்மதி. பிறகு அங்கேயும் ஷெல் விழத் தொடங்கியது. கிழக்கில் சண்டை முடிகிறது என்று வானொலி சொன்ன மாதங்கள்தான் எங்களுக்கு மிக மோசமானவை.

ஊரோடு வெளிக்கிட்டோம். ரோட்டால் போக முடியாது, வயல் வட்டைக்குள்ளால் நடந்தோம். வயல் முழுக்க வெட்டிய வேளாண்மையின் நெல்லுக் கட்டைகள் ஈட்டிபோல நின்றன. என் செருப்பு அறுந்தது. மச்சாள் மூட்டையிலிருந்து அந்தச் சப்பாத்தை எடுத்து எறிந்தாள். "போடு கா. ரோசம் பாக்கிற நேரமா?"

போட்டேன். தண்ணீருக்குள் இறங்கி ஏறியதில் தோல் நனைந்து இன்னும் இறுகியது. இடுப்பில் பிள்ளை, நின்று கழற்ற வழியில்லை. முகாமாக்கிய பள்ளிக்கூடத்துக்கு வந்து கழற்றியபோது வலது பெருவிரல் நகம் நாவற்பழம்போலக் கறுத்திருந்தது. அடியில் இரத்தம் கட்டி, இதயம் அங்கேதான் துடிக்கிறது என்பதுபோல இடித்தது.

மச்சாள் ஊசியை விளக்கில் காய்ச்சி நகத்தில் ஓட்டை போட்டாள். கறுப்பு இரத்தம் வந்தது. வலி குறைந்தது. அதோடு விட்டிருந்தால் ஆறியிருக்கும். ஆனால் சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒருத்தி என் காலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"புள்ள, இது பூட்ஸ் போட்ட நகம். ரோட்டுச் சென்றியில மறிச்சு ஆமிக்காரிகள் காலத்தான் பாக்கிறாளுகள். முந்தநாள் ஒருத்திய ஏத்திட்டுப் போனவங்க."

"நான் இயக்கத்தில பயிற்சிக்குப் போனவளா? நிவாரணச் சப்பாத்து இது!"

"எனக்கிட்டச் சொல்லி என்ன கா? அவளுக்கிட்டச் சொல்லு."

அவளுக்கிட்டச் சொல்ல எனக்குச் சிங்களம் தெரியாது. என் மகளோ பால் மறக்காத பிள்ளை. என்னை ஏற்றிக்கொண்டு போனால் அவள் யாரிடம் குடிப்பாள்?

இதற்குள் நகத்தின் ஓரம் வீங்கிச் சீழ் வைத்தது. முகாமுக்கு வந்த டாக்டர் எட்ட நின்று பார்த்தார். நகத்தைக் கழற்ற வேண்டும், டவுன் ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். டவுனுக்குப் போனால் சென்றி. போகாவிட்டால் விரல் அழுகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தக் கால்தான்.

முகாம் வாசலில் வளையலும் சீப்பும் விற்க வந்த ஏறாவூர் முஸ்லிம் காக்காவிடம் மச்சாள் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸ் ஒன்று வாங்கினாள்.

"என்ன தங்கச்சி, இதுக்குள்ளயுமா?" என்று அவர் சிரித்தார்.

"மாப்பிள்ள பாக்க வாறாங்க காக்கா" என்றாள் அவள்.

ஒரு விரலுக்கு மட்டும் பூசினால் தெரிந்துவிடும் என்று பத்துக்கும் பூசினாள். கறுப்பு மறைய வேண்டும் என்று பெருவிரலுக்கு மேலும் மேலும் தடவினாள். ஊசி போட்ட ஓட்டை அடைபட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அது புத்தியில் எட்டவில்லை. அடுத்த நாள் முழுவதும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நடந்தால் வலி, இருந்தால் அதைவிட வலி. பள்ளிக்கூட விறாந்தையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் விசர் என்றார்கள்.

மறுநாள் காலையில் வெளிக்கிட்டோம். சென்றியில் பிள்ளையை மச்சாளிடம் கொடுக்கச் சொன்னார்கள். என்னை மட்டும் படங்கு கட்டிய மறைப்புக்குள் விட்டார்கள். உள்ளே ஒரு ஆமிக்காரி.

"கால். காட்டு."

இரவல் வாங்கிய செருப்பைக் கழற்றினேன். பத்துச் சிவப்பு நகங்களையும் பார்த்தாள். முகாம்காரிக்கு இது என்ன கோலம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றத்தானே செய்யும்!

"ஏன் கலர்? கல்யாணமா?"

அவள் குந்தியிருந்து, கையிலிருந்த தடியின் நுனியால் வீங்கிய பெருவிரலை அமத்தினாள். கண்ணுக்குள் இருட்டியது. கத்தினால் பயந்துவிட்டேன் என்று நினைப்பாள், பயந்தால் கள்ளம் என்று நினைப்பாள். பல்லைக் கடித்தேன். பூச்சின் ஓரம் பிளந்து சீழ் பொங்கியது. அந்த நாற்றம் எனக்கே குமட்டியது. அவள் பின்னால் துள்ளி மூக்கைப் பொத்தினாள்.

"சீ! போ! போ!"

வெளியே மச்சாள் பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். "விட்டுட்டாளா கா?"

"நாத்தம் தாங்கேலாம விட்டுட்டாள்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு நொண்டியபடி பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏசினார். "புண்ணுக்கு மேல ஆரம்மா பெயின்ற் அடிக்கச் சொன்னது?" அவர் தெரியாமலா கேட்டார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். விறைக்க ஊசி போட்டுவிட்டு நகத்தைக் கழற்றத் தொடங்கினார். வலி துளியும் இல்லை. ஆனாலும் நான், சென்றியில் கடித்த பல்லைத் திறந்து, தொண்டை கிழியக் கத்தினேன். தாதி என் தோளை அமத்தி, "நோகாமலே ஏன் கத்துறீங்க?" என்று அதட்டினாள். நான் நிறுத்தவில்லை. கதவுக்கு வெளியே மச்சாளின் இடுப்பிலிருந்த மகள் என் சத்தம் கேட்டு அழத் தொடங்கினாள். அழட்டும் என்று விட்டேன்.