பறங்கி ஓவியரும் பேஸ்மென்ற் பார்ட்டியும்

நான் ஓய்வு பெற்ற மறுவாரமே, வீட்டில் என் தொல்லை தாங்காமல், மனைவி என்னை வோபர்னில் ஒரு சமூக நிலையத்து ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டாள். கற்பித்தவர் லிஸ்பனிலிருந்து வந்த பெண்மணி. அவருக்கு ஒரேயொரு தெய்வம்தான்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் போர்த்துக்கேய யதார்த்த ஓவியர் ஒருவர். தூரிகை கழுவும்போதும் அவர் கதைதான்.

அந்த ஓவியரைச் சிறுவயதிலேயே லிஸ்பன் கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டார்களாம். அங்கே வருடக்கணக்காகச் சுண்ணச் சிலைகளின் மூக்கையும் காதையும் பார்த்துக் கீற வேண்டும். உயிருள்ள மனிதர்கள் அதற்குப் பிறகுதான். கெட்டிக்காரர்களை அரசாங்கச் செலவில் வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவார்கள். இவருக்கு அது கிடைக்கவில்லை. மனம் வெறுத்து, தூரிகையைப் போட்டுவிட்டு, அண்ணனின் துணிக்கடையில் போய் நின்றார். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு படத்தை மட்ரிட் கண்காட்சிக்கு அனுப்பினார். அது பாராட்டுப் பெற்றதும் கடையை விட்டார். பிறகு, குடித்துவிட்டு மேசையில் சரிந்துகிடக்கும் விவசாயிகளை அப்படியே வரைந்து பெயர் வாங்கினார்.

புலம்பெயர்ந்து வந்து மார்க்கம் நகரில் ஓர் அலுவலகத்தில் ஆயுளின் பாதியைக் கழித்த எனக்கு, அவர் துணிக்கடையில் நின்ற பகுதிதான் மிகவும் பிடித்தது. நானும் யதார்த்தவாதி ஆவதென்று முடிவெடுத்தேன்.

குடித்துச் சரிந்தவர்களைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் ஒரு நண்பரின் புது வீட்டு பேஸ்மென்றில், அந்த நிலத்தடி அறையின் மதுபாரைச் சுற்றி, நண்பர்கள் சனிக்கிழமைகளில் கூடுவோம்.

“அண்ணை, எங்களை ஒரு குறூப் படமா கீறுங்கோவன். பாருக்கு மேலை கொழுவலாம்,” என்றார் அந்த வீட்டுக்காரர்.

போர்த்துக்கேய பாணியில் கீறுவேன் என்று நான் சொன்னதும் இன்னொரு நண்பர் எழும்பிவிட்டார். “பறங்கி எங்கட கோயிலை இடிச்சவன். உவன்ரை பாணியிலையோ எங்களைக் கீறப்போறியள்?”

அவர் கையில் ஸ்கொட்லாந்து விஸ்கி. அதை வடித்த நாட்டுக்காரரும் சேர்ந்துதான் பிறகு நம்மை ஆண்டார்கள் என்பதை ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை.

படம் முடிந்து துணியை விலக்கினேன். ஒருவர் வாயைத் திறந்து தூங்குகிறார். வீட்டுக்காரர் ஆட்டிறைச்சித் தட்டைத் தன் வயிற்றின் மேலேயே வைத்திருக்கிறார். பறங்கியைத் திட்டிய கோயில்காரர் சட்டைப் பொத்தான் கழன்ற நிலையில், ஒரு கையில் விஸ்கிப் போத்திலோடு, மறுகை விரலை உயர்த்திச் சரித்திரம் பேசுகிறார்.

“மற்ற எல்லாரும் அந்தமாதிரி, நல்ல வடிவா வந்திருக்கினம். நான் மட்டும்தான் சரியில்லை,” என்றார் வீட்டுக்காரர். “எனக்கு உவ்வளவு வண்டியே?” என்று வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“நான் நித்திரை இல்லை. கண்ணை மூடி யோசிச்சுக்கொண்டிருந்தனான்,” என்றார் தூங்கியவர்.

கோயில்காரர் என்னைத் தனியே அழைத்தார். “அந்தப் போத்திலை ஒரேஞ் ஜூஸா மாத்தேலாதோ? மகளுக்குச் சம்பந்தம் பேசுறம்.”

அப்போது வீட்டுக்காரரின் மனைவி கட்லெட்டோடு கீழே வந்தார். படத்தைப் பார்த்தவர், தட்டை வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அண்ணை, உள்ளதை உள்ளபடி கீறியிருக்கிறியள். உது பாருக்கில்லை. மேலை ஹோலிலை கொழுவப்போறன்.”

கணவரின் ஆட்சேபணை எடுபடவில்லை. படம் வரவேற்பறைக்கு ஏறியது. வந்து போகும் பெண்களெல்லாம் அதன் முன்னால் நின்று தங்கள் கணவர்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள். கலை சமூகத்தைத் திருத்தும் என்று நான் நம்பத் தொடங்கினேன்.

ஒருநாள் நான் புறப்படச் சப்பாத்துப் போடும்போது வீட்டுக்காரரின் மனைவி வாசலில் வந்து மெல்லச் சொன்னார். “என்னையும் ஒருக்காக் கீறித் தாங்கோ அண்ணை.”

“ஓம், கட்டாயம்.”

“ஆனா கொஞ்சம் மெலிவா, வெள்ளையா. கழுத்திலை ஒரு அட்டியலும் போட்டு விடுங்கோ. என்ரை லொக்கரிலை கிடக்கு.”

எனக்குள் இருந்த யதார்த்தவாதி கொதித்தான். ஆசிரியரிடம் முறையிட்டேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், சிரித்தார்.

“நம் ஓவியரும் பணக்காரச் சீமாட்டிகளை வரைந்தவர்தான். ஓவியனும் சாப்பிட வேண்டுமே!” என்றார் ஆங்கிலத்தில்.

வரும் வழியில் வெள்ளைச் சாயத்தில் பெரிய குழாயாகப் பார்த்து வாங்கினேன்.