கயாவில் விட்ட வாழைப்பூ

காசிக்கும் கயாவுக்கும் போகிறவர்கள் அங்கே ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வரவேண்டும் என்பது வழக்கம். விட்டதை அதன்பிறகு ஆயுசுக்கும் சாப்பிடக் கூடாது. மிகவும் பிரியமானதைத்தான் விடவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் நாங்கள் போன கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் பாகற்காயை விட்டார்கள். உறையூர்க்காரர் ஒருவர் கிவிப் பழத்தை விட்டார். அதை அவர் கண்ணால்கூடப் பார்த்தது கிடையாது என்று அவர் மனைவியே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

என் முறை வந்தபோது நான் வாழைப்பூ என்றேன்.

"உங்களுக்கு உசிராச்சே அது!" என்று என் மனைவி முழங்கையால் இடித்தாள். பிரியமானதைத்தானே விடச் சொல்கிறார்கள் என்றேன். புரோகிதர் என்னை மெச்சிக்கொள்வதுபோலத் தலையாட்டினார். எனக்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ரயிலில் திரும்பி வரும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"ஏங்க, அது சாமிக்காக விட்டதா, உங்க தங்கச்சிக்காக விட்டதா?"

நான் பேப்பரைப் படிப்பதுபோல இருந்துவிட்டேன். அவள் இப்போது இல்லை. அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் வாழைப்பூ என்றால் என் தங்கைதான். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அம்மா தொட்டியத்துப் பெண். அங்கிருந்து யாராவது வந்தால் சாக்கில் வாழைப்பூவும் தண்டும் வந்துவிடும். அன்று சமையலறைத் தரை முழுக்கச் சிவப்பு மடல்கள் கிடக்கும். ஒவ்வொரு மடலுக்குள்ளும் சீப்புச் சீப்பாகப் பூக்கள். ஒவ்வொரு பூவிலும் விறைப்பாக ஒரு நரம்பு நிற்கும். அதற்குக் கள்ளன் என்று பெயர். எவ்வளவு வேகவைத்தாலும் அது வேகாது. ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொள்ள, தங்கை கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து அத்தனை பூவையும் ஆய்ந்து மோர்த் தண்ணீரில் போடுவாள். நான் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். படித்ததைவிடப் பார்த்ததுதான் அதிகம். கடைசியில் வெள்ளையாகக் குருத்து வரும். அதை இரண்டாக ஒடித்து, பெரிய துண்டை எனக்குத் தருவாள். பச்சையாகவே தின்போம். முதலில் துவர்க்கும், பிறகு தண்ணீர் குடித்தால் இனிக்கும். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் கும்பலாகத் தெருவில் திரும்பும். அப்பா வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். "என்ன, இன்னிக்குப் பூவா?" என்பார்.

அந்தச் சாப்பாட்டில் வளர்ந்துதான் நான் இன்ஜினியர் ஆனேன். அதே ஒர்க்‌ஷாப்பில் அதிகாரியாகி, ஓய்வு பெறுவதற்கு முன்பே ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கினேன். தங்கையைத் தொட்டியத்தில் கொடுத்தோம். அப்பா போன பிறகு அம்மா கொஞ்ச நாள் என்னிடம் இருந்தார். பிறகு, "பாப்பாகிட்ட இருந்துக்கிறேன்பா, அங்க நடக்க மண்ணு இருக்கு," என்று போய்விட்டார்.

முதலில் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பிறகு விசேஷங்களுக்கு மட்டும் போனேன். கடைசி வருஷத்தில் அதுவும் இல்லை. போகாததற்கு ஈடாக ஆள் மூலம் சத்துப் பவுடர் டின்களும் கேக்கும் பெரிய பிஸ்கட் பெட்டிகளும் அனுப்பினேன். அம்மா சாப்பிட்டதோ சாமைக் கஞ்சி, கீரை மசியல், வேகவைத்த தண்டு. பச்சைமலைச் சாமை என்று துறையூரில் கேட்டு வாங்கி வந்து தங்கை கஞ்சி வைப்பாள். "டின்னு அம்மாவுக்குச் சேரலைண்ணே," என்று போனில் சொன்னாள். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அம்மா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தொட்டியத்து வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். தங்கை பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாழைப்பூப் பொரியல் பரிமாறி வந்தாள். என் பக்கத்தில் இருந்த யாரோ, "அம்மா கடைசியில ரொம்ப மெலிஞ்சிருச்சேப்பா, நீ வந்து பாக்கலையா?" என்று கேட்டார். கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"இலை நெறைய வைக்கிறியே, இதுல ஒண்ணையாவது அம்மா உசிரோட இருக்கறப்ப கண்ணுல காட்டினியா? கஞ்சியும் கீரையும் ஊத்தியே பட்டினி போட்டுக் கொன்னுட்டே," என்றேன். பந்தி முழுக்கக் கேட்டது.

அவள் கரண்டியில் இருந்ததை என் இலையில் வைத்தாள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்தேன். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமானத்தை ஒரு வீட்டுக்குச் செய்ய முடியாது. அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் கை நனைக்கவில்லை.

பிறகுதான் கயா. அதற்கடுத்த பொங்கலுக்குத் தங்கையின் வீட்டுக்காரர் ஒரு தூக்கு நிறைய வாழைப்பூ வடை கொண்டுவந்து, ஸ்ரீரங்கத்து ஃபிளாட் வாசலில் நின்றார். அவளாகச் சமாதானத்துக்கு இறங்கி வந்தாள் என்பதுதான் அதற்கு அர்த்தம். "அடடா, அதைக் கயாவுல விட்டுட்டேனே மாப்பிள்ளை," என்றேன். அவர் தூக்கை அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். "நான் விடலையே, எனக்காவது வாங்கியிருக்கலாமே?" என்றாள். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

ஆகவே அவள் ரயிலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். தங்கைக்காகத்தான் விட்டேன். அவள் கையால் ஆக்கியதை மறுக்க எனக்கு ஒரு புண்ணியக் காரணம் தேவைப்பட்டது.

மனைவி போன பிறகு நான் பாக்கெட்டுகளில் வாழ்ந்தேன். காலையில் ரொட்டி, மாலையில் மிக்சர், ராத்திரிக்கு போனில் சொன்னால் வாசலுக்கு வரும் பரோட்டா. சர்க்கரை ஏறியது. கால் மரத்துப்போனது. ராஜகோபுரம் வரை போகவே ஆட்டோ கேட்டேன். என்னைப் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண்.

"மருந்து நான் எழுதித் தரேன் சார். ஆனா நீங்க சாப்பிடற எல்லாத்துலயும் எக்ஸ்பைரி தேதி இருக்கு. கீரையில இருக்கா? தண்டுல இருக்கா? சாமை, கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, இப்படி மாத்துங்க."

"வாழைப்பூவைக் கயாவுல விட்டுட்டேம்மா."

"அப்ப மத்ததை விட்டுடாதீங்க," என்றார்.

சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். காந்தி மார்க்கெட்டில் ஒரு கட்டு அரைக்கீரையும் ஒரு துண்டு தண்டும் வாங்கினேன். பல வருஷம் இயந்திரங்களோடு பழகிய எனக்குத் தண்டை நறுக்கத் தெரியவில்லை. வில்லையாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுக்க வேண்டும் என்பது மெல்ல நினைவுக்கு வந்தது. அம்மாவின் விரலில் அந்த நார் மோதிரம்போலச் சுற்றியிருக்கும். சில வாரங்களில் உடம்பு கேட்க ஆரம்பித்தது. கால் கொஞ்சம் லேசானது. காவேரிப் படித்துறை, அம்மா மண்டபம் வரை நடந்தே போய் வந்தேன்.

ஒரு காலை சாமைக் கஞ்சி வைத்து, கீரையை மசித்து, மேசையில் தனியாக உட்கார்ந்தேன். வயிறு நிறைந்தது. வாய்க்கு அவ்வளவு ருசியாக இருந்தது. இரண்டாவது முறை ஊற்றிக்கொள்ளக் கரண்டியை எடுத்தபோது கை நின்றுவிட்டது. அம்மாவுக்குத் தங்கை கொடுத்தது இதுதான். பட்டினி என்று நான் பேர் வைத்தது இதைத்தான்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது எனக்கு அன்று புதிதாகத் தெரிந்ததல்ல. போவதற்குச் சில நாள் முன்பு அம்மாவே போனில் பேசினார். "டின்னெல்லாம் அனுப்பாதப்பா. பாப்பா கஞ்சி வைக்குது, கீரை கடையுது. வயிறு குளுகுளுன்னு இருக்கு. நீதான் வந்துட்டுப் போயேன்," என்றார். ஆடிட் இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். பந்தியில் அப்படிப் பேசியபோது இந்தக் குரல் என் காதில் இருந்தது. பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

சாப்பாட்டை மாற்றினால் உடம்பு கேட்கிறது. அந்தப் பொய் மட்டும் மனதை விட்டு அசையவில்லை. எங்கள் இரண்டு பேரில் ஒருவர் போவதற்குள் தங்கை வீட்டில் ஒரு வேளை இலை போட்டுச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று ஆசை வந்தது. அம்மாவின் வருஷ திதி வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக நான் தனியாக அம்மா மண்டபத்தில் காவேரிக் கரையில் கொடுத்துவிட்டு வருவேன். அவள் தொட்டியத்தில் படையல் போட்டுச் சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போடுவாள். திதிக்கு முந்தின நாள், கொள்ளிடம் பாலம் தாண்டி டோல்கேட்டில் நாமக்கல் பஸ் ஏறினேன். முசிறி தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழை. இறங்கிவிடலாமா என்று இரண்டு முறை தோன்றியது.

"வாங்க," என்றாள் தங்கை. எழுந்திருக்க முட்டியைப் பிடித்துக்கொண்டாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. "பஸ்லயா வந்தீங்க?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க."

"அதுக்குன்னு தொட்டியம் வரைக்குமா?"

அவள் முன்னால் முறத்தில் வாழைப்பூ குவிந்திருந்தது. மறுநாள் படையலுக்கு. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினாள். "நீங்க விட்ட பொருளாச்சே, கண்ணுல பட வேணாம்," என்றாள். அதில் குத்தல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பாப்பா, அதை நான் சாமிக்காக விடலை. உன்மேல இருந்த ஆத்திரத்துல விட்டேன். அன்னிக்கு அம்மாவைப் பத்திச் சொன்னதும் பொய்தான். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அம்மா உங்ககிட்ட பேசினப்ப போனைப் புடிச்சுக்கிட்டு இருந்தது யாரு? நாந்தானே. அதுக்குக் கை நடுங்குமே."

அவள் இத்தனை வருஷமும் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பந்தியில் கரண்டியோடு நின்றபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன்.

"ஏன் சொல்லலை?"

"அம்மா காரியத்துல உங்களை அசிங்கப்படுத்தணுமா?" என்று கேட்டுவிட்டு முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "ஊரே உக்காந்திருக்கறப்ப சொன்னீங்க. இப்ப யாருமில்லாத நேரமாப் பாத்து வந்து பொய்ங்கிறீங்க," என்றாள்.

அது நியாயம். நான் துண்டை எடுத்துவிட்டு முறத்தின் எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஒரு பூவை எடுத்துக் கள்ளனைக் கிள்ளினேன். தின்னத்தானே கூடாது, தொட்டால் ஒன்றும் ஆகாது என்றேன். "எண்ணெயாவது தடவிக்கிட்டு உக்காருங்க," என்றாள். நான் தடவிக்கொள்ளவில்லை. இருட்டும்வரை இரண்டு பேரும் ஆய்ந்தோம்.  குருத்து வந்தபோது அவள் அதை ஒடித்தாள். பழக்கத்தில் பெரிய துண்டு என் பக்கம் நீண்டு, நின்று, திரும்பிப் போனது.

மறுநாள் பந்தி போட்டார்கள். எங்கள் சித்தப்பா தொண்ணூறைத் தொட்டவர், சுவரோரம் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "என்னடா, இன்னிக்காவது இலையை முடிச்சுட்டு எந்திரிப்பியா?" என்று சத்தமாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அம்மாவைத் தங்கை நன்றாகத்தான் வைத்திருந்தாள், அம்மாவே என்னிடம் சொன்னார், நான்தான் வந்து பார்க்கவில்லை, அந்தக் குற்றத்தை இவள் தலையில் போட்டேன் என்றேன். ஒர்க்‌ஷாப்பில் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இந்த நாலு வார்த்தையைச் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

 சித்தப்பாதான், "சரி, உக்காரு. சாம்பார் ஆறுது," என்றார்.

உட்கார்ந்தேன். தங்கை பாத்திரத்தோடு வரிசையில் வந்தாள். சித்தப்பா இலையில் வாழைப்பூ விழுந்தது. அடுத்த இலையில் விழுந்தது. வாசனை என்னை இழுத்தது. என் இலைக்கு வந்ததும் நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கரண்டியைத் தூக்கவே இல்லை.

"விட்டது விட்டதுதாண்ணே," என்றாள். "எதுக்காக விட்டாலும் கயாவுல சொன்னது."

அடுத்த இலைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து எனக்கு மட்டும் இரண்டாம் முறை கீரை மசியல் வைத்தாள், கேட்காமலே. இலையின் மேல் பக்கத்தில் வாழைப்பூ இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. மிச்சம் எல்லாவற்றையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். விரல் நுனியெல்லாம் நேற்றைய கறை கறுப்பாகப் படிந்திருந்தது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன்.

"எண்ணெய் தடவச் சொன்னேன், கேட்டீங்களா?" என்றாள் தங்கை, சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "சோப்புக்கெல்லாம் போகாது. அதுவாத்தான் போவணும்."